பணியிட உறவுகளும் மனநலமும்: பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் இரண்டு நிறுவனங்களின் பணியாளர் நலப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்று பீன்யாவில் இருந்த தொழிற்கூடம், மற்றொன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள மென்பொருள் அலுவலகம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பு முடித்து நேராக வந்து சேர்ந்தவர்களும், மூன்று தலைமுறையாக அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருப்பவர்களும் என்னிடம் கேட்டவற்றில், உடன் வேலை பார்ப்பவர்களோடு பழகுவது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அலுவலகத்துக்குப் போவது சம்பளத்துக்காக. நண்பர்கள் ஊரில் இருக்கிறார்கள். இங்கே புதிதாக உறவு எதற்கு?

ஊரில் இருக்கும் நண்பர்களின் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பேருந்து ஏறி, சனிக்கிழமை காலையில் மதுரையில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடியும் பேருந்து ஏறுகிறவருக்கு அந்த நட்பு மாதத்தில் ஓரிரு நாள்களுக்குத்தான் கைக்கு எட்டுகிறது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்கள் முகம் வாடியிருப்பதை அந்த நண்பரால் பார்க்க முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரால் முடியும்.

பணியிட உறவின் பயனே இந்த அண்மைதான். இந்த நகரத்துச் சிற்றுண்டிக் கடைகளில் 'பை டூ' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளர்களில் பிரித்துக் குடிப்பார்கள். அரை டம்ளர் காபியைக் குடித்து முடிக்க நான்கு நிமிடங்கள் போதும். அந்த நான்கு நிமிடங்களில் வீட்டு வாடகை, மேலாளரின் கோபம், அம்மாவின் கண் அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடும். கேட்டவர் தீர்வு சொல்ல வேண்டியதுகூட இல்லை. மறுநாள் "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்டால், சொன்னவருக்கு அந்த வாரம் கொஞ்சம் இலேசாகக் கழியும்.

இது மனத்துக்கு இதமாக இருக்கும் என்பது சரி. உடல்நலத்துக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் இடம்பெற்றவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். வலுவான சமூக உறவுகள் கொண்டவர்கள் அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கையும், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களோடு தனிமை தொடர்புபட்டிருப்பதாகவும் மதிப்பிடுகிறது.

இவை பொதுவாக மனித உறவுகளைப் பற்றியவை. பணியிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், என் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து. வேலைப்பளு மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை. பளு மிகுந்திருந்தும் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை தம் கையில் இல்லாத நிலைதான் உடலை வாட்டுகிறது என்றார் அவர். ஜெஃப்ரி ஜான்சனும் எல்லன் ஹாலும் 1988இல் இதனோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த 13,779 ஆண், பெண் தொழிலாளர்களின் தகவல்களை ஆராய்ந்து, பளு மிகுந்து, உரிமை குறைந்து, உடன் வேலை செய்பவர்களின் ஆதரவும் இல்லாதவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டினார்கள்.

ஒரு நோயாளியைச் சுட்டி, "பேச ஆள் இல்லாததால்தான் இவருக்கு மாரடைப்பு வந்தது" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பெருந்திரளான மக்களைப் பார்க்கும்போதுதான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே உறவு இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

நான் இயல்பாகவே அதிகம் பேசாதவன். எல்லோரிடமும் ஒட்டிப் பழகினால்தான் பயன் கிடைக்குமா?

தேவையில்லை. ஒட்டிப் பழகுவது வேறு, அறிமுகமாக இருப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நெருங்கிய நண்பர்களைவிடத் தொலைவான அறிமுகங்கள் வழியாகத்தான் புதிய செய்திகளும் வேலைவாய்ப்புகளும் நம்மை எட்டுகின்றன என்று விளக்குகிறது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். பிற்பாடு ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் செய்த ஆய்வுகள், இத்தகைய மேலோட்டமான அறிமுகங்களோடு அன்றாடம் நடக்கும் சிறு பேச்சுகள்கூட மன நிறைவோடு தொடர்புடையவை என்று காட்டின.

எங்கள் அலுவலக வாசலில் காவல் பணியில் இருந்த ஹாசன் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இரண்டு மணிக்கு மேல் உள்ளே வருபவர்களிடம் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்பதற்கான கன்னடம் அது. நம் ஊரில் கேட்பதைப் போலவே, அதற்குப் பதில் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஓர் இளைஞர், ஆறு மாதங்கள் குழுவில் யாரிடமும் வேலைக்கு வெளியே ஒரு சொல்லும் பேசாதவர், இந்தப் பெரியவருக்கு மட்டும் "ஆயித்து, நிம்து?" என்று பதில் கேள்வி போடக் கற்றுக்கொண்டார். அவர் கற்ற முதல் கன்னட வாக்கியம் அது. பிறகு அவர் வேலையை விட்டுப் போகும்போது நடந்த விலகல் நேர்காணலில், இந்தக் கட்டடத்தில் யாரை நினைத்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னது அந்தப் பெரியவரைத்தான்.

அதிகம் பேசாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே நடைமுறை, ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ப் பழகுங்கள் என்பதுதான். தினமும் நான்கு மணிக்குத் தேநீர் இயந்திரத்தின் முன்னால் நின்றால், மூன்று வாரங்களில் அங்கே இன்னும் இரண்டு பேருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும். பேச்சை அவர்களே தொடங்குவார்கள்.

மதியச் சாப்பாட்டை என் மேசையிலேயே, திரையைப் பார்த்தபடி முடித்துவிடுகிறேன். நேரம் மிச்சமாகிறது. இதில் என்ன தவறு?

எப்போதாவது என்றால் தவறில்லை. வழக்கமாகிவிட்டால் இழப்பு உண்டு. அந்த இழப்பு உடனே தெரியாது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் கெவின் நிஃபினும் அவருடைய குழுவினரும் ஒரு பெருநகரத்தின் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தமான ஒன்று. அந்த நிலையங்களில் வீரர்கள் தாங்களே பணம் போட்டுப் பொருள் வாங்கி, முறை வைத்துச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்து சாப்பிடும் குழுக்கள் பணியிலும் சிறப்பாக இயங்குவதாக அவற்றின் மேலதிகாரிகள் மதிப்பிட்டிருந்தார்கள். சேர்ந்து சாப்பிடுவதால் குழு நன்றாக அமைகிறதா, நல்ல குழு என்பதால் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்பதை இந்த ஓர் ஆய்வை வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. சேர்ந்து சாப்பிடாத நிலையங்களில் இருந்தவர்களிடம் காரணம் கேட்டபோது அவர்கள் கூச்சப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏதோ சரியில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இங்கே என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்று புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய உணவுக்கூடத்தில் இருந்த எட்டுப் பேர் உட்காரும் நீண்ட மேசைகளை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உயரமான முக்காலிகளில் உட்காரும் பலகைகளை அமைத்தார்கள். இடம் மிச்சம், துடைப்பது எளிது என்று சொல்லப்பட்டது. ஒப்புதல் கோப்பில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். பழைய கூடத்தில் பன்னிரண்டரை மணிக்கு டப்பாக்கள் திறந்தால், புளியோதரை ஒரு பக்கம், பிசிபேளாபாத் ஒரு பக்கம், ஆந்திரத்து கோங்குரா ஒரு பக்கம் என்று மூடிகளில் பண்டமாற்று நடக்கும். தயிர்சாதம் கொண்டுவந்தவர் ஊறுகாய்க்கு அலைய வேண்டியதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு யாரும் யாருக்கும் எதையும் நீட்டவில்லை. நீட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. ஒரு காலாண்டுக்குள் பாதிப்பேர் டப்பாவைத் தங்கள் இருக்கைக்கே எடுத்துப் போகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 'குழு ஒற்றுமையை வளர்ப்பதற்காக' நகருக்கு வெளியே ஒரு விடுதிக்கு எல்லோரையும் அழைத்துச் செல்ல நிதி ஒதுக்கினோம். இரண்டு மேசைகள் வாங்கியிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

எங்கள் அலுவலகத்தில் தமிழர்கள் எல்லோரும் ஒரே மேசையில்தான் உட்காருவோம். அதைக் குழுவாதம் என்கிறார்கள். நியாயமா?

தாய்மொழியில் பேசிக்கொள்ள ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நாள் முழுவதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். நகைச்சுவை, கோபம், சலிப்பு ஆகிய மூன்றும் வேற்றுமொழியில் பாதிதான் வெளிவரும். ஆகவே தமிழ் மேசையைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது தமிழ் மேசையாக மட்டுமே இருந்துவிடும்போதுதான் பிரச்சினை.

ஒரு நிகழ்ச்சி. ஒடிசாவைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர், குழுவில் பெரும்பான்மை தமிழர்களாக இருந்ததால் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது வாரத்தில் தனியே போய்விட்டார். அழைத்து விசாரித்தபோது அவர் சொன்னது: "பேச்சில் என் பெயர் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் சிரித்தார்கள்." அந்த மேசையில் இருந்தவர்களிடம் கேட்டேன். அவருடைய கைப்பேசியின் அழைப்பொலி, எங்கள் மேலாளர் கூட்டத்தில் இருக்கும்போது மட்டும் ஒலிக்கிறது என்று பேசிச் சிரித்திருக்கிறார்கள். உண்மையில் அது அவரைக் கொண்டாடிய சிரிப்பு. ஆனால் மொழி தெரியாதவருக்குக் கொண்டாட்டமும் கேலியும் ஒரே ஓசைதான். அந்த மேசையில் இருந்த ஒருவர்கூட அதைத் திரும்பி ஆங்கிலத்தில் சொல்ல முப்பது விநாடி செலவிடவில்லை.

இன்னொரு கேடும் இருக்கிறது. வேலை பற்றிய செய்திகள் அந்த மேசையில் தமிழில் பரிமாறப்பட்டு, மற்றவர்கள் மறுநாள் மின்னஞ்சல் பார்த்துத் தெரிந்துகொள்வது என்ற நிலை வந்தால், அது நட்பைக் கடந்து அநீதியாகிவிடுகிறது. நாம் இந்தி பேசுபவர்களைப் பார்த்து வைக்கும் அதே குற்றச்சாட்டை நம்மைப் பார்த்து அவர்கள் வைக்கும்போது பதில் இருக்காது.

கன்னடம் கற்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகள் இந்த நகரத்தில் இருந்தும் 'கொத்தில்லா' (தெரியாது) என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் ஆறு மாத உழைப்பு. அலுவலக ஓட்டுநர், காவலாளி, உணவுக்கூடப் பணியாளர், மின்பணியாளர் என்று நம் அன்றாடத்தைத் தாங்கிப் பிடிக்கும் பலரோடு பழகும் வாசல் அது ஒன்றுதான்.

வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. வெளிவட்டச் சாலை நெரிசலை நினைத்தால் அதுதான் நிம்மதி. உறவுக்காக அந்த நிம்மதியை விட வேண்டுமா?

நெரிசலில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இழப்பவரிடம் "அலுவலகம் வாருங்கள், உறவு வளரும்" என்று சொல்வது கொடுமை. சில்க் போர்டு சந்திப்பில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போது யாரோடும் உறவு வளர்வதில்லை.

ஆனாலும் இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பில் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவும் நடத்திய சோதனையில், ஒன்பது மாதங்கள் வீட்டிலிருந்து பணியாற்றிய அழைப்பு மையப் பணியாளர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. அப்படியிருந்தும், சோதனை முடிந்து விருப்பத்தைக் கேட்டபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமைதான் அதற்கு முக்கியக் காரணம். அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான மற்றொரு சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; வேலையின் தரம் குறையவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்கப் பணியாளர்களின் தகவல் தொடர்பை 2020இன் முதல் ஆறு மாதங்களுக்கு ஆராய்ந்தவர்களோ, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு தங்கள் குழுவோடு பேசுவது தொடர்ந்தது என்றாலும், மற்றக் குழுக்களோடு இருந்த தொடர்புகள் சுருங்கிவிட்டதாகக் கண்டார்கள். முன்னே சொன்ன தொலைவான அறிமுகங்கள்தான் முதலில் அறுந்தன.

இவற்றிலிருந்து என் முடிவு: எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாள் என்பதே முக்கியம். ஆளுக்கொரு நாளில் வந்து, காலி இருக்கைகளுக்கு நடுவே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவரோடு காணொளியில் பேசிவிட்டுப் போவதற்கு அலுவலகம் தேவையில்லை. குழுவினர் அனைவரும் ஒரே நாளில் வருவதாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் கூட்டங்களைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனம் தியானச் செயலி, யோகா வகுப்பு, மனநல வாரம் எல்லாம் நடத்துகிறது. யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஏன்?

பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 233 நிறுவனங்களில் பணியாற்றும் 46,336 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2024இல் இதைத்தான் எழுதினார். தனிநபரைத் திருத்தும் நோக்கம் கொண்ட இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்களுக்கும் பங்கேற்காதவர்களுக்கும் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொண்டுப் பணியில் ஈடுபட வாய்ப்பளிக்கும் திட்டங்கள் மட்டுமே ஓரளவு பயன் தந்ததாகத் தெரிந்தது. அது பிறரோடு சேர்ந்து செய்வது என்பதைக் கவனியுங்கள்.

வேலை அமைந்திருக்கும் விதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் உழல்பவரை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் என்ன மாறும்? இது இன்று கண்டுபிடித்த செய்தியும் அன்று. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. பணியிட மனித உறவுகளை ஆராயும் லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953இல் அங்கே வந்து, ஒரு தொகுதி தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்று வேலையை மாற்றி அமைக்க வழிகாட்டினார். நெசவின் திறன் கூடியது, சேதம் குறைந்தது. தொழிலாளர்களுக்கு யாரும் ஒற்றுமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒருவருக்கொருவர் தேவைப்படும்படி வேலை மாற்றி அமைக்கப்பட்டது.

அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, இங்கே பக்கத்திலிருக்கும் மண்டியா மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பணியிட மனநலத்துக்காக அவர் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள ஐந்து தூண்களில் ஒன்று, பிறரோடு தொடர்பும் சமூகமாக இருக்கும் உணர்வும். அதே வரிசையில் பாதுகாப்பு, வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே இசைவு, மதிப்பு, வளர்ச்சி ஆகியவையும் இருக்கின்றன. சம்பளம் போதாமல், வேலை நேரம் ஒழுங்கில்லாமல் இருக்கும் இடத்தில் பிறந்தநாள் கேக் மட்டும் வெட்டினால் உறவு வளராது.

மேலாளரோடு எந்த அளவுக்கு நெருங்கலாம்?

அவர் உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் என்பதை இருவருமே மறக்காத அளவுக்கு. மேலாளரிடம் எதிர்பார்க்க வேண்டியது நட்பைவிட, தவறைச் சொன்னால் தலை உருளாது என்ற உறுதி. ஆமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை அஞ்சாமல் சொன்னார்கள் என்பது பிறகு புரிந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1999இல் அவர் விளக்கிய 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்து. "அண்ணா, நேற்று நான் அனுப்பிய கோப்பில் பிழை இருக்கிறது" என்று ஒரு புதியவர் வாய்விட்டுச் சொல்ல முடிகிற குழுவில், தனியாக உறவுப் பயிற்சி தேவைப்படாது.

பணியிட நட்பால் கெடுதல் வருவதில்லையா?

வருகிறது. ஜெசிகா மெத்தாட் தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடன் வேலை செய்பவர்களே நண்பர்களாகவும் இருப்பது வேலைத் திறனை உயர்த்துகிறது. அதே வேளையில், அந்த நட்பைப் பேணும் உழைப்பு மனச் சோர்வையும் தருகிறது. நண்பரின் வேலையை நாம் இழுத்துப்போட்டுச் செய்வது, அவருக்கு எதிராகக் கருத்துச் சொல்லத் தயங்குவது, அவர் பதவி உயர்வு பெறும்போது நமக்குள் எழும் சங்கடம் ஆகியவற்றை அனுபவிக்காதவர்கள் குறைவு.

நம்மவர்களிடையே நான் கண்ட வரையில், நட்பை முறித்தவற்றில் முதலிடம் பணத்துக்குத்தான். கைமாற்று, ஒருவர் பெயரில் இன்னொருவர் எடுக்கும் கடன், அலுவலகத்துக்குள் நடக்கும் சீட்டு ஆகிய மூன்றும். பீன்யாவில் இருபது பேர் சேர்ந்து பிடித்த சீட்டில், ஏலம் எடுத்த இருவர் வேலையை விட்டுப் போனார்கள். எஞ்சிய பதினெட்டுப் பேரும் ஒரே பணிமனையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஓராண்டு வேலை செய்தார்கள். உடன் பணியாற்றுபவருக்கு அவசரத்தில் உதவுவதென்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

மாலையில் ஆண்கள் சேர்ந்து வெளியே போகிறார்கள். முக்கிய முடிவுகள் அங்கேதான் பிறக்கின்றன. பெண்கள் எப்படி இந்த வட்டத்துக்குள் வருவது?

கேள்வியை நிறுவனத்திடம் திருப்ப வேண்டும். புகை பிடிக்கும் மூலையிலும் மாலை நேர மதுக்கூடத்திலும் வேலை பற்றிய முடிவு எடுக்கப்பட்டால், குழந்தையைக் காப்பகத்திலிருந்து ஏழு மணிக்குள் அழைத்துவர வேண்டியவருக்கும், குடிக்காதவருக்கும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கும் அங்கே இடமில்லை. உறவு வளரும் நேரம் வேலை நேரத்துக்குள், எல்லோரும் வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். நான் பொறுப்பில் இருந்தபோது மாலை விருந்துகளைக் காலைச் சிற்றுண்டிக்கு மாற்றினேன். தோசைக்கு முன்னால் எல்லோரும் சமம். சிலர் முணுமுணுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழகுதல் என்ற பெயரில் யாராவது எல்லை மீறினால், அது உறவுச் சிக்கல் ஆகாது, குற்றம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டை வேறு நிறம், உணவுக்கூடத்தில் வேறு வரிசை, குழுப் புகைப்படத்தில் இடமில்லை என்று நிறுவனங்களே சுவர் கட்டிவைக்கின்றன. அந்தச் சுவரை ஊழியர்கள் தங்கள் அளவில் தாண்டலாம். ஐந்தாண்டுகளாக உங்கள் தளத்தைத் துடைப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

வேலை போய்விட்டால் இந்த உறவுகளும் போய்விடுமே?

பெரும்பாலானவை போய்விடும். காலையில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்காது, மதியத்துக்குள் மின்னஞ்சல் முடங்கும், அத்தனை அரட்டைக் குழுக்களும் ஒரே நொடியில் மறையும். ஆட்குறைப்புக் காலங்களில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வேலை இழந்தவர் முதல் வாரத்தில் பணத்தைவிட அதிகம் பேசியது, யாரும் அழைக்கவில்லை என்பதைப் பற்றித்தான். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம். வெளியே இருப்பவருக்கு ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணம். அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், ஆறுதல் சொற்களைத் தேடிக்கொண்டிருக்காமல், அதே நான்கு மணிக்கு அழைத்து, வழக்கமான கடையில் ஒரு பை டூ குடிக்கக் கூப்பிடுங்கள். வேலையில் இருக்கும்போதே, நீங்கள் இழக்க விரும்பாத ஐந்தாறு பேரின் சொந்தக் கைப்பேசி எண்களை வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

நண்பனாக இருந்து கேட்பது போதாது என்று எப்போது புரிந்துகொள்வது?

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால், வேலைக்கு வருவதே பெரும்பாடாகிவிட்டால், அல்லது சாவைப் பற்றிய பேச்சு விளையாட்டாகக்கூட வந்தால், காபி போதாது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவைக்கு, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் தேசிய அளவில் தலைமை மையம். கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நேரில் போக விரும்புபவர்களுக்கு பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் மனநல மேம்பாட்டு மையம் இருக்கிறது.

எண்ணை அனுப்பிவிட்டு உங்கள் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு எண்ணை அழுத்துவதே மலையாக இருக்கும். ஒரு காலியான கூட்ட அறையைப் பிடித்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாருக்குச் சொல்லி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அன்றைய விடுப்பை மேலாளரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.